தட்டுக்குப் பின்னால்

மேலிருந்து மூன்றாவது பான்கேக்கில் ஒரு கடி இருந்தது.

சின்னக் கடிதான். கேமரா இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அடுக்கு சாய்கிறதா என்று பார்க்கத் தட்டின் பின்புறம் குனிந்தபோதுதான் அவன் கண்ணில் பட்டது. பிறை வடிவம். ஓரத்தில் பல் பதிந்த வரிகள். உள்ளிருந்து ஒரு பழுப்பு அட்டைத் துண்டு, எச்சில் ஊறிக் கிழிந்து, நாக்கைப் போல வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டில் என்னவெல்லாம் இருந்தது என்று அவனுக்குத் தெரியும்.

சாப்பாட்டைப் படம் எடுப்பது அவன் தொழில். தட்டை ஜோடிப்பது அக்காவின் தொழில். பதினோரு வருடமாக இருவருமாக இந்த மாடி ஸ்டுடியோவை நடத்துகிறார்கள். விளம்பரப் படத்தில் இருக்கும் சாப்பாடு பெரும்பாலும் சாப்பாடு அல்ல. உண்மையான தேன்பாகை ஊற்றினால் இரண்டே நிமிடத்தில் பான்கேக் அதைக் குடித்துவிட்டுச் சொதசொதவென்று உட்கார்ந்துவிடும். அதனால் முதலில் மழைக்கோட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்து, அதன்மேல் வண்டிக்குப் போடும் இஞ்சின் ஆயிலை ஊற்றுவார்கள். அது ஊறாது. ஓரத்தில் வந்து, சொட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல மணிக்கணக்காக மினுங்கிக்கொண்டு நிற்கும். அடுக்கு உயரமாகத் தெரிய, இடையிடையே வட்டமாக வெட்டிய அட்டை. உச்சியில் வெண்ணெய்க்குப் பதில் மெழுகு. பக்கத்துக் கிண்ணத்தில் பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை. ஆவி வேண்டுமென்றால், தண்ணீரில் நனைத்துச் சூடாக்கிய பஞ்சு தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

அந்தப் பஞ்சையும் இப்போது காணவில்லை.

"அக்கா, இங்க கொஞ்சம் வாயேன்."

அவள் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் நடந்தால் இப்போதெல்லாம் சத்தமே வருவதில்லை. மூன்று மாதத்தில் பதினான்கு கிலோ குறைந்திருந்தாள்.

"என்னடா?"

"இதப் பாரு."

குனிந்து பார்த்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "என்னை எதுக்குடா முறைக்கிற? நீ போடற காப்பியே எனக்கு இறங்கல. நான் போய் இஞ்சின் ஆயிலக் குடிப்பேனா?"

"இது மூணாவது தடவைக்கா."

"எலியா இருக்கும்."

"எலிக்கு இவ்ளோ பெரிய வாயா?"

"உன் வாய விடச் சின்னதுதான்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"திட்ட மாட்டேன். உண்மையச் சொல்லு. நீ இதச் சாப்பிட்டிருந்தா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். குடல் வெந்துடும்க்கா."

"சத்தியமா நான் இல்லடா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

நம்பத்தான் ஆசை. ஆனால் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டுச் சொன்னது அவன் மனதைவிட்டுப் போகவில்லை. "சாப்பிடறாங்க. ஆனா ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது. எங்கயோ போயிடுது." அது எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் அக்கா இந்த வருடத்தைத் தாண்ட மாட்டாள். இதை டாக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கடி விழுந்த மூன்று முறையும் கேமரா தானாக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு அருகிலிருந்து எடுக்கும்போது லென்ஸ் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டாது. விரல் தடிமனுக்கு ஒரு துண்டு மட்டும் கூர்மையாக இருக்கும், முன்னும் பின்னும் மசமசப்பு. ஆகவே எத்தனை படம் வேண்டும் என்ற எண்ணிக்கையைக் கேமராவிடம் சொல்லிவிட வேண்டும். அது தட்டின் முன்விளிம்பில் ஆரம்பித்து, ஒவ்வொரு படத்துக்கும் கூர்மையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, எல்லாத் துண்டுகளையும் எடுத்துவிடும். கணினி அவற்றில் கூர்மையானதை மட்டும் பொறுக்கி ஒரே படமாக ஒட்டிவிடும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. படத்தில் இருப்பது எதுவும் அசையக் கூடாது. அதனால் கேமரா ஓடும்போது அவன் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நிற்பான். அக்கா மட்டும் மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

இந்த முறை அவன் வெளியே போகவில்லை. புதுத் தட்டை ஜோடித்ததும், அவளைத் தன் பின்னால், கணினித் திரையின் முன் நிற்க வைத்தான். தட்டு பத்தடி தள்ளி இருந்தது. அவள் பிடிமானத்துக்காக அவன் தோளில் கை வைத்துக்கொண்டாள். இவள் இங்கே நிற்கும்போதும் கடி விழுந்தால், தின்பது இவள் இல்லை. அந்த நிம்மதி அவனுக்குப் போதும்.

எண்ணிக்கையை அடித்து விசையைத் தட்டினான்.

கிளிக். தட்டின் விளிம்பு. கிளிக். எண்ணெய்ச் சொட்டு. கிளிக். பான்கேக்கின் துவாரங்கள் ஒவ்வொன்றாகக் கூர்மையாகி, ஒவ்வொன்றாகக் கலங்கின. வெளியே மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். கறுப்புத் திரை போட்ட இந்த அறையில் விளக்கின் சூட்டில் எண்ணெயும் பசையும் கலந்து, கழுவாத பாத்திரத்தின் வாடை எழுந்தது. முப்பதாவது படம், தட்டின் பின்விளிம்பு. தட்டருகே எதுவும் வரவில்லை.

அவன் மூச்சை விட்டான். கேமரா நிற்கவில்லை.

முப்பத்தொன்று. திரையின் ஓரத்தில் பார்த்தான். முப்பது என்று அடிக்க வேண்டியவன் முந்நூறு என்று அடித்திருந்தான்.

"கணக்குல நீ புலிடா" என்றாள் அக்கா.

"தட்டுக்குப் பின்னால வெறும் துணிதானே. எடுத்துட்டுப் போகட்டும்."

கறுப்புத் துணிதான் பின்னணி. நாற்பதாவது படத்தில் அந்த இருட்டில் ஏதோ இளஞ்சிவப்பாகத் திரண்டது. துணி மடிப்பில் விளக்கு பட்டிருக்கும் என்று நினைத்தான். நாற்பத்தாறில் அதற்கு வரிகள் வந்தன. குறுக்கு வரிகள். வெடித்த தோல். ஐம்பதில் அது உதடு.

தலையைத் தூக்கி நேராகப் பார்த்தான். தட்டு. துணி. வேறொன்றும் இல்லை.

திரையைப் பார்த்தான். கீழுதடு. மேலுதடு. தட்டைவிட அகலமாகத் திறந்த வாய். உதட்டோரத்தில் ஆயில் மினுங்கியது, ஊறாமல், சொட்டாமல். கிளிக். பற்கள். பல்லிடுக்கில் அட்டை. கடைவாயில் ஒரு பஞ்சுத் திரி, சாம்பல் நிறத்தில், வீங்கி. மெழுகு அப்பிய ஈறு. வெள்ளைப் பசை மேலண்ணத்திலிருந்து நாக்குக்கு நூலாக நீண்டு நின்றது.



வாய் அசையவே இல்லை. அதுதான் அவனுக்குப் புரியவில்லை. கொஞ்சம் அசைந்திருந்தாலும் படம் கலங்கியிருக்கும். அது தொழில் தெரிந்த மாடலைப்போலக் கேமராவுக்காக அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

"டேய்," என்றாள் அக்கா மெதுவாக. "என்னடா அது?"

கிளிக். நாக்கின் நடு. கிளிக். அதன்மேல் மஞ்சள் படிவம். நூறு. நூற்றிருபது. கேமரா உள்ளே போய்க்கொண்டே இருந்தது. உள்நாக்கு. தொண்டையின் சிவந்த சுவர். சுவரில் சளி. சளியில் மயிர்.

நீண்ட மயிர்.

நூற்று எழுபது. ஒரு நெற்றி.

நூற்று எழுபத்தைந்து. மூக்கு. கன்னம். கன்னத்துத் தோல் பாதி கரைந்து, வெந்த பாலாடைபோல மடிந்திருந்தது. கன்ன எலும்பு அவனுக்குத் தெரிந்த எலும்பு.

அக்கா.

கண் திறந்திருந்தது. அடுத்த படத்தில் மூடியிருந்தது. அடுத்ததில் திறந்திருந்தது.

தோளில் இருந்த கை அழுத்தியது. எடையே இல்லாத கை. "நானாடா அது?" என்று கேட்டது குரல். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை.

அடுத்த படத்தில் அந்த முகம் மங்கியது. கேமரா அவளைத் தாண்டிப் போகிறது. அவள் கலங்குகிறாள். அவளைத் தவறவிடக் கூடாது. இங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். ஓடிப் போய்க் கையை உள்ளே விட்டு, எப்படியாவது.

நிறுத்தும் விசையை அழுத்தினான்.

அழுத்திய பிறகுதான் உறைத்தது.

கிளிக் சத்தம் நின்றது. அசையாப் படம் போய், லென்ஸ் காண்பது அப்படியே திரையில் ஓட ஆரம்பித்தது. படப்பிடிப்பு முடிந்துவிட்டது. அவ்வளவு நேரம் பொறுமையாகத் திறந்திருந்த வாய், இனி பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டது. உதடுகள் சேர்ந்தன. தாடை ஒருமுறை பக்கவாட்டில் அரைத்தது. இன்னொருமுறை. ஏதோ நொறுங்கியது. ஓரத்தில் வழிந்ததை நாக்கு வந்து வழித்துக்கொண்டு போனது. பிறகு ஒரு விழுங்கல்.

தோளில் கை இல்லை.

"அக்கா."

திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

முந்நூறு என்று மறுபடியும் அடித்தான். கெஞ்சுவதுபோல விசையைத் தட்டினான்.

கிளிக்.

வாய் திறந்தது. அவனுக்காக, இன்னும் அகலமாக, நாக்கை நன்றாகத் தாழ்த்தி, அடிவரை வெளிச்சம் போகும்படி. துளி அசையாமல் காட்டிக்கொண்டு நின்றது.

காலியாக.