மார்ட்டின் மறந்த வரி

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் என் வழுக்கைத் தலைக்கு வேலை வந்துவிடும். ஒன்றாம் தேதி காலையில் கைப்பட்டை அதிரும். "சாட்சி எண் இரண்டு, சவரிநாதன் அவர்களே, தங்கள் நினைவு தேவைப்படுகிறது" என்று ஒரு பெண்குரல் குழையும். எழுபத்தொரு வயதில் என்னிடமிருந்து வேறு எதுவும் யாருக்கும் தேவைப்படுவதில்லை. பென்ஷன் ஆபீஸ்கூட நான் உயிரோடு இருக்கிறேனா என்று வருஷத்துக்கு ஒருமுறைதான் கேட்கும். ஆமாம் என்றால் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும்.

இருபத்தெட்டாம் தேதி பொன்மலை நினைவுக்கூடத்தில் எங்களுக்காக ஐந்து நாற்காலிகள் காத்திருக்கும். நெற்றியில் ஒரு களிம்பு தடவுவார்கள். இமயமலையை அம்மியில் அரைத்துப் பூசியதுபோல் இருக்கும். அதன்மேல் ஒரு பட்டி. அரசாங்கம் அதை நினைவுவாங்கி என்கிறது, நாங்கள் தலைக்கட்டு என்கிறோம். ஏழு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு மார்ட்டினை நினைக்க வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்கு மார்ட்டின் கிட்டாரோடு மேடையேறிப் பாடுவான்.

மார்ட்டின் செத்து முப்பத்தாறு வருஷமாகிறது.

'புகைபோக்கி' என்ற பெயரில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தமிழில் ராக் பாடியவன் அவன். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தான். அவன் கிட்டாரை முறுக்கினால் பணிமனையில் நிற்கிற எஞ்சின்கள் தாமாக அரை அடி நகரும் என்று நான் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். முப்பத்தொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான்.

அப்போதுதான் சாட்சிச் சட்டம் வந்திருந்தது. செத்தவரின் பதிவுகளைப் பிசைந்து இயந்திரம் தன் இஷ்டத்துக்கு ஒரு ஆளை உண்டாக்கக் கூடாது. நேரில் பார்த்த, கேட்ட, உயிரோடு இருக்கிற ஐந்து பேருடைய நினைவிலிருந்து மட்டுமே மறுவுரு எழலாம். ஐந்தில் மூன்று தலையிலாவது ஒன்றுபோல் இருப்பதை இயந்திரம் எடுத்துக்கொள்ளும், மற்றதைத் தள்ளிவிடும். ஒவ்வொரு வருஷமும் நினைவைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து நான்கானால் மறுவுரு நிறுத்தப்படும். பிறகு எழாது.

இதைப் படிக்க நியாயமாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். முதல் பத்து வருஷம் திருவிழாபோல் போனோம். அடுத்த பத்து வருஷம் கடமைக்குப் போனோம். இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு போகிறோம். இனிமேல் வரவில்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. முதலில் விலகுகிறவன் மார்ட்டினைக் கொன்றவன் ஆகிவிடுவான். அந்தப் பட்டம் யாருக்கு வேண்டும்?

சாட்சிகளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். எண் ஒன்று, மார்ட்டினின் அக்கா பிலோமினா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள், எங்கள் எல்லாருக்கும் பிலோ அக்கா. எண் இரண்டு நான், அவன் நண்பன். மற்ற மூவர் ரசிகர்கள். அன்று பந்தோபஸ்துக்கு வந்து பாட்டில் மயங்கிய கான்ஸ்டபிள் கலியமூர்த்தி, மருந்துக்கடையில் இருந்த நூர்ஜஹான், டிக்கெட் பரிசோதகராக ஓய்வு பெற்ற டெஸ்மண்ட்.

அன்று என்றால் 2040இல் நடந்த மழைக் கச்சேரி. நாங்கள் ஐவரும் அதில்தான் இருந்தோம். பெரும் மழை, கரண்ட் இல்லை, மைக் இல்லை. நாற்பதாயிரம் பேர் முழங்கால் தண்ணீரில் நிற்க, மார்ட்டின் மூன்று மணி நேரம் ஒரு வரி பிசகாமல் பாடினான். மின்னல் அவன் தாளத்துக்கு ஏற்ப வெட்டியது. இது உலகம் அறிந்த வரலாறு. பாடப்புத்தகத்தில்கூட வந்துவிட்டது.

உண்மையில் அங்கே இருந்தது அறுபது பேர். தூறல். நாற்பது நிமிடம். மழைக்குப் பயந்து ஒருவரும் கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை. எனக்கு அது போதாதா? முதல் வருஷம் ஐந்நூறு பேர் என்றேன். யாரும் மறுக்கவில்லை. அடுத்த வருஷம் ஐயாயிரம். ஆகஸ்ட் ஞாயிறுகளில் டெஸ்மண்ட் வீட்டில் கட்லெட் தின்றுகொண்டு நினைவை ஒத்திகை பார்ப்பது எங்கள் வழக்கம். பேசுகிறவன் நான், தின்கிறவர்கள் அவர்கள். அவர்கள் தலைக்குள் நாற்பதாயிரம் பேரையும் நான்தான் ஒவ்வொருவராகக் கைபிடித்து உட்கார வைத்தேன். ஒவ்வொரு வருஷமும் மறுவுரு சற்று உயரமானது. இப்போது மேடையில் நிற்கிற மார்ட்டின் ஆறடி. செத்தவன் என் தோளுக்கு இருப்பான்.

பிலோ அக்கா இதெல்லாம் தெரிந்தும் ஒன்றும் சொன்னதில்லை. ஞாயிறுகளுக்கு வருவதை மட்டும் எப்போதோ நிறுத்திவிட்டாள். போன வருஷம் ஜூலைக் கடைசியில் என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். களிம்பு தடவினால் மூன்று நாள் தலை வலிக்கிறதாம். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பாடுபட்டேன்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு வேணும்டா சவரி" என்றாள். "அவன் ஒருதடவை வரியை மறக்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. மார்ட்டினுக்குப் பாட்டு நினைவில் நிற்காது. அவனே எழுதிய பாட்டுதான், இரண்டாவது சரணத்தில் கண்டிப்பாக மறப்பான். ம்ம் என்று இழுத்துக்கொண்டே முன்வரிசையைப் பார்ப்பான். அங்கே அக்கா உதட்டை மட்டும் அசைத்து வரியை எடுத்துக்கொடுப்பாள். வாங்கிக்கொண்டு போய்விடுவான். மொத்தமே இரண்டு விநாடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. மறுவுரு ஒருநாளும் மறந்ததில்லை. முப்பத்தாறு வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டாவது சரணம் வரும்போதெல்லாம் அவள் உதடு அசைவதை நான் பார்த்திருக்கிறேன். மேடையில் இருக்கிறவன் அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்து, பிசகாமல் பாடிக்கொண்டு போவான்.

பதிவுகளைப் போட்டுக் கேட்கலாமே என்று கேட்டேன். ஸ்டுடியோவில் தாளைப் பார்த்துப் பாடினான் என்றாள். அதோடு, பதிவு நம்மைத் திரும்பிப் பார்க்காது.

அவளும் நானும் இரண்டு பேர். இன்னும் ஒரு தலை வேண்டும். முதல் ஞாயிறு அக்காவையே டெஸ்மண்ட் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மூவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நூர்ஜஹான் அவள் கையைத் தடவிக்கொடுத்து, வயதானால் இப்படித்தான் பல கச்சேரிகள் ஒன்றாகக் குழம்பிவிடும் என்றாள். நான் விடவில்லை. அக்கா சொல்வது சத்தியம், நானும் பார்த்தேன், நான் சொன்னதெல்லாம்தான் புளுகு என்றேன்.

கலியமூர்த்தி கட்லெட் தொண்டையில் சிக்கும்வரை சிரித்தார்.

"யோவ் சவரி, உன் சரக்கு தீர்ந்துபோச்சா? மார்ட்டின் வரி மறந்தான்னா பொன்மலை அடிவாரத்தைக்கூட மறந்துடும்யா."

"ரெண்டு செகண்ட்னு சொல்றான், மேன்" என்றான் டெஸ்மண்ட். "பொய் சொன்னாலும் ஒரு சைஸா சொல்ல வேணாமா?"

முப்பத்தாறு வருஷத்தில் அவர்களிடம் நான் சொன்ன முதல் உண்மை அது. வெளியே வந்து அக்காவை ஆட்டோவில் ஏற்றினேன். டிரைவர் இல்லாத வண்டி, அவள் வாய்திறந்து முகவரி சொல்லும்வரை காத்திருந்தது. "விடுடா, கேட்டதே தப்பு" என்றாள் கடைசியில்.

டெஸ்மண்ட் சொன்னது அன்று முழுக்க என் காதில் கிடந்தது. ஒரு சைஸாகச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். போனவாரம் அக்கா எதிரே முழுவதையும் சொல்ல முடியவில்லை என்று ஆரம்பித்தேன். மழைக் கச்சேரியில் மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணம். மார்ட்டின் வாயைத் திறந்தான், வரி வரவில்லை. நாற்பதாயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள். அவன் ம்ம் என்று ஒரு ரீங்காரம் இழுத்தான். கண் அக்கா மேலேயே நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மழைகூட நின்று கேட்டது. மொத்தம் பதின்மூன்று நிமிடம். பதின்மூன்றாவது நிமிடத்தில்தான் அக்கா உதடசைத்து வரியைக் கொடுத்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கலியமூர்த்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சமயம் தன் லத்தி கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது இப்போதுதான் நினைவுக்கு வருவதாகச் சொன்னார். மூன்றாம் ஞாயிறு நூர்ஜஹானுக்கு அந்த ரீங்காரத்தின் சுருதியே நினைவுக்கு வந்துவிட்டது. நாலாம் ஞாயிறு டெஸ்மண்ட், எட்டாவது நிமிடத்தில் மார்ட்டின் கண்ணில் நீர் வந்ததாக எனக்கே சொல்லிக்கொடுத்தான். நான் தலையாட்டினேன். ஊற்றைத் தோண்டிவிட்டால் போதும், தண்ணீரை யாரும் மொள்ளலாம்.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. நடக்குமா என்று எனக்கே நிச்சயம் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி களிம்பு, தலைக்கட்டு, ஏழு நிமிடம் எல்லாம் முடிந்தன. மாலை ஐந்து மணிக்கு வழக்கப்படி சாட்சிகள் ஐவரும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். உலகம் முழுக்க ஒரு கோடிப் பேர் வீட்டிலிருந்து பார்ப்பதாக மேடையோரம் ஒரு பலகை காட்டியது. மார்ட்டின் எழுந்தான். ஆறடி, நனைந்த சட்டை. இரண்டு பாட்டு பிசகாமல் போனது. டெஸ்மண்ட் கொட்டாவி விட்டான். எனக்குக் கால் மரத்துப்போயிற்று.

மூன்றாவது பாட்டு. பணிமனைச் சங்கு ஊதியபின் ஷிஃப்டு முடிந்து வருகிறவர்களைப் பற்றியது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்துக்கு வாயைத் திறந்தவன், அப்படியே நின்றான்.

ம்ம் என்று இழுத்தான். பார்வை எங்கள் தலைக்கு மேலிருந்து மெதுவாக இறங்கியது. வரிசையில் தேடி, பிலோ அக்கா முகத்தில் வந்து நின்றது.

அக்காவின் உதடு தானாகவே அசைந்துவிட்டது, முப்பத்தாறு வருஷப் பழக்கம். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு ரீங்காரம் இழுத்தான். இரண்டாவது நிமிடத்தில் நினைவுக்கூடத்து அலுவலர்கள் அங்குமிங்கும் ஓட ஆரம்பித்தார்கள். பலகையில் ஒரு கோடி என்பது அறுபது லட்சமாக இறங்கியது. நாலாவது நிமிடத்தில் முப்பது. யாரோ பின்னாலிருந்து கோளாறு, கோளாறு என்றார்கள். அப்போதுதான் நான் செய்துவைத்த காரியம் எனக்கே உறைத்தது. மூன்று தலைகள் சேர்ந்து பதின்மூன்று என்றால் பதின்மூன்றுதான். அதற்குமுன் அவனால் வரியை வாங்க முடியாது.

அக்கா சொல்வதை நிறுத்திவிட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது நிமிடத்தில் அவன் கண்ணில் நீர் வந்தது, டெஸ்மண்ட் உபயம். அக்காவுக்கு வரவில்லை. ஸ்கூல் விட்டு வந்த பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள். எங்களைத் தவிர அரங்கத்தில் அநேகமாக எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். ரீங்காரம் மட்டும் நின்றபாடில்லை.

பதின்மூன்றாவது நிமிடம் நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் என் பக்கம் திரும்பாமலே உதட்டை அசைத்தாள்.

"சங்கு ஊதி முடிஞ்ச பின்னும் வாசல்ல யாரு நிக்கிறா" என்று மார்ட்டின் பாடினான்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெயில் சாய்ந்திருந்தது. அக்கா சாட்சி வில்லையைச் சட்டையிலிருந்து கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டு விநாடிதான்டா பார்ப்பான்."

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன்டா பதின்மூணு நிமிஷம்?"

"சின்னதா சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

அவள் சிரித்தாள் என்று சொல்லலாம். உதடு அசைந்தது. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். மற்ற மூவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். யாரும் அவளைத் திட்டவில்லை. கலியமூர்த்தி கைக்குட்டையால் நெற்றிக் களிம்பை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நூர்ஜஹான், அடுத்த ஆகஸ்டில் மகள் வீட்டுக்குப் போகலாம் என்றாள், யாரையும் பார்க்காமல்.

இந்த ஆகஸ்ட் முதல் தேதி கைப்பட்டை அதிரவில்லை. பத்து மணிவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நூர்ஜஹான் கூப்பிட்டாள். பேரனுக்குப் பள்ளியில் மழைக் கச்சேரி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். மொத்தம் எவ்வளவு பேர் அண்ணே, நாற்பதாயிரமா, ஐம்பதாயிரமா?

"அறுபது பேர்" என்றேன்.

அவள் வெகுநேரம் சிரித்தாள். "நீங்க மாறவே மாட்டீங்கண்ணே" என்றாள்.