பிறவிப் பேச்சாளர்கள்

செவ்வாயின் ஏழாம் குவிமாடத்தில் வேலைக்குப் போகிறவர்கள், காலையில் ஆலைக் கதவின் முன் வரிசையாக நின்று 'அ, எ, இ, ஒ, உ' என்று ஒப்பிப்பார்கள். பச்சை விளக்கு எரிந்தால் கதவு திறக்கும். மூன்று முறை சிவப்பு எரிந்தால் காவலர்கள் கையால் திறந்துவிடுவார்கள். ஆனால் மாலையில் திருத்த வகுப்புக்குப் போக வேண்டும். அந்தக் குவிமாடத்தில் இந்த ஒப்பித்தல் பல் விளக்குவது மாதிரி அன்றாடக் காரியம்.

அவர்கள் பேசுவது சமனி. எவர் மொழியும் எவர் தலைமீதும் ஏறக்கூடாது என்று பூமியில் ஒரு குழு உட்கார்ந்து செய்த மொழி. உயிரொலிகள் ஐந்தே ஐந்து. ஆனால் அவற்றின் உச்சரிப்பை விளக்க, இலக்கண நூலில் ஆங்கிலச் சொற்களை உதாரணம் காட்டிவிட்டார்கள். வந்தது வினை. சூடு என்று பொருள்படும் 'ஹாட்' என்ற சொல்லை லண்டன்காரர் உதட்டைக் குவித்துச் சொன்னார். டெக்சாஸ்காரர் வாயை அகலத் திறந்து சொன்னார். நியூசிலாந்துக்காரரின் 'பெட்' மற்றவர் காதில் 'பிட்' என்று விழுந்தது. பதினெட்டு வருடம் சண்டை போட்டு, மூன்றுக்கும் சராசரி எடுத்து, அதை வைத்து உச்சரிப்பை அளக்கும் உயிரொலிமானியைக் கதவுகளிலும் ஒலிவாங்கிகளிலும் பொருத்தினார்கள். அந்தச் சராசரி எவர் வாயிலும் வரவில்லை. உடனே மூன்று தரப்பாரும் தங்களைப் 'பிறவிப் பேச்சாளர்' என்று அறிவித்து, சோதனையிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டார்கள்.

தமயந்திக்கு விலக்கு இல்லை. காற்று ஆலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிற தூத்துக்குடிக்காரி. போன மாதம் குழாயில் கசிவைக் கண்டு அவள் அபாய அறிவிப்புக் கொடுத்தபோது, அவளுடைய 'ஒ' சரியில்லை என்று ஒலிவாங்கி வாயை மூடிக்கொண்டது. இரண்டு கூடம் தாண்டி ஓடிப்போய்ச் சொன்னாள். அதற்குள் இரண்டு பேர் மூச்சுத் திணறி விழுந்துவிட்டார்கள். பிழைத்தது பெரிய விஷயம். அதன் பிறகும் உச்சரிப்பைக் காரணம் காட்டி அவளுக்கு ஷிஃப்ட் தலைமைப் பதவியை மறுத்தார்கள். தமயந்தி திருத்த வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு, குவிமாடத்தின் மொழிக்குழுவிடம் முறையிட்டாள்.

குழுத் தலைவர் ஹாரிங்டன் அதே ஆலையில் வேலை பார்க்கிற லண்டன்காரர். அவள் பேச்சில் தாய்மொழி வாடை அடிப்பதாக இதமாகவே சொன்னார்.

"உங்க பேச்சிலயும்தான் அடிக்குது. எனக்கும் மூக்கு இருக்கு," என்றாள் தமயந்தி. "பூமியில ஒருத்தருக்கும் தாய்மொழியா இல்லாத மொழிக்கு நீங்க எப்படிப் பிறவிப் பேச்சாளர் ஆனீங்க? என் பொண்ணு நறுமுகை இங்க பிறந்தவ. வாயத் திறந்து முதல்ல பேசினதே சமனி. பிறவிப் பேச்சாளர்னா அவளும் அவ வகுப்புப் பிள்ளைகளும்தான்."

ஹாரிங்டன் எதிர்த்தார். ஆனால் லண்டன் உச்சரிப்பு ஜெயிக்காமல் போனால் போதும் என்று குழுவிலிருந்த டெக்சாஸ்காரரும் நியூசிலாந்துக்காரரும் அவள் பக்கம் கை தூக்கினார்கள். விலக்குகள் ரத்தாயின. பதினைந்து வயது நறுமுகையின் குரலைப் பதிவு செய்து, அதையே அளவாகவும் கதவின் குரலாகவும் வைத்து மானியைத் திருத்தினார்கள்.

திங்கட்கிழமை காலை ஹாரிங்டனுக்கு மூன்று முறையும் சிவப்பு. வரிசையே வாய்விட்டுச் சிரித்தது. தமயந்தி நிமிர்ந்து முன்னால் போய், ஆலை அதிர ஐந்தையும் சொன்னாள்.

சிவப்பு.

"மறுபடி சொல்லுங்கள்," என்றது கதவு, அவள் மகளின் குரலில். மறுபடி சொன்னாள். மூன்றாவது முறையும் சிவப்புதான்.

மாலை, திருத்த வகுப்பில் ஹாரிங்டனும் தமயந்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மானியையே கழற்றி எறியலாம் என்று ஹாரிங்டன் தாழ்ந்த குரலில் சொல்லி, மனுவை நீட்டினார். அவளுக்கு மறுத்த ஷிஃப்ட் தலைமைப் பதவியும் தானாக வரும் என்றார்.

தமயந்தி மனுவைத் திருப்பித் தள்ளினாள்.

"மானி மேல என்ன தப்பு? நீங்கதான் வாயச் சரியாத் திறக்கல," என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரியை வலிய நிறுத்தி, தன் உச்சரிப்பு சுத்த மோசம் என்றும், பெற்ற பெண்ணே அதைத் திருத்துகிறாள் என்றும் சொன்னாள். முகமெல்லாம் பெருமை.