அத்தை வீட்டில் ஒரு தும்மல்

எங்கள் வீட்டில் என்னை சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவார்கள். டப்பாவில் பிஸ்கட் குறைந்தால் எடுத்தது யார் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். பெரும்பாலும் அது என் தம்பி வாலுதான். சில சமயம் அப்பா.

அதனால், லீவுப் பயணத்தில் ஏதோ சரியில்லை என்று முதலில் மோப்பம் பிடித்ததும் நான்தான்.

வளைகுடாக் கரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நகரங்கள். ஒன்றில் அத்தை இருக்கிறார். அவர் அப்பாவின் அக்கா. இன்னொன்றில் சித்தி இருக்கிறார். அவர் அம்மாவின் தங்கை. நடுவில் கடலுக்கு மேல் ஒரு நீளமான பாலம். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் அடுத்த நகரம் வந்துவிடும். வரைபடத்தில் அவற்றுக்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கலாம். எங்கள் வீட்டில் அத்தை ஊர், சித்தி ஊர், அவ்வளவுதான்.

பரீட்சை முடிந்ததும் ஐந்து நாள் அங்கே போகிறோம். டிக்கெட்கூட வாங்கியாகிவிட்டது. எந்த ஊரில் எத்தனை நாள் என்பது மட்டும்தான் பாக்கி.

இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஏனென்றால் அத்தைக்கும் சித்திக்கும் ஆகாது.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை. வாலு பிறந்தபோது எடுத்த குடும்பப் படம் அது. கடைசி நேரத்தில் அத்தை ஓர் அடி முன்னால் வந்துவிட்டார். படத்தில் சித்தியின் ஒரு காது மட்டும்தான் தெரிகிறது.

"வேணும்னேதான் மறைச்சாங்க" என்றார் சித்தி.

"ஒதுங்கி ஒதுங்கி நிக்க நான் என்ன ஒட்டடைக் குச்சியா?" என்றார் அத்தை.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போதாக்குறைக்கு அத்தைக்குப் பூனை ஒத்துக்காது. பக்கத்தில் வந்தாலே தும்முவார். சித்தியோ ஒரு பூனை வளர்க்கிறார். அதன் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து, வேலை செய்பவர்களை முறைத்துப் பார்க்கும். அதனால் அந்தப் பெயர்.

ஆக, நாங்கள் ஒரு ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் போச்சு. போன தடவை அத்தை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அங்க மட்டும் சாவகாசமா இருந்துட்டு, இங்க வந்தா கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்ட மாதிரி பறக்குறீங்களே!" என்று கேட்டார்.

அம்மா ஐந்து நாள் கட்டம் போட்ட ஒரு தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினார். பச்சைக் காந்தம் அத்தை ஊர், மஞ்சள் காந்தம் சித்தி ஊர். முதல் இரண்டு நாள் பச்சை. கடைசி இரண்டு நாள் மஞ்சள். நடு நாள்தான் தொல்லை.

"அஞ்சு ஏன்தான் ஒற்றைப்படையா இருக்கோ!" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

அம்மா ஸ்பீக்கரில் போட்டுச் சித்திக்கு ஃபோன் செய்தார்.

"அக்கா, எனக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை" என்றார் சித்தி. "தங்குறதுக்கு மட்டும் வேற எங்கயாவது பார்த்துக்கோங்க. நான் வந்து உங்களப் பார்க்குறேன்."

அம்மா திகைத்துப் போனார். சித்தியா இப்படிச் சொல்வது? போன தடவை எங்கள் பெட்டியை ஒளித்து வைத்து ஒரு நாள் கூடுதலாக இருக்க வைத்தவர் ஆயிற்றே!

அடுத்து அப்பா அத்தைக்குப் பேசினார்.

"வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்கடா" என்றார் அத்தை. "தங்குறதுக்கு மட்டும் வேற எங்கயாவது பார்த்துக்கோங்க. நான் வந்து உங்களப் பார்க்குறேன். ஹச்!"

"என்னக்கா, சளியா?"

"ஆமா, ஆமா. சளிதான். ஹச்! வச்சிடட்டுமா?"

என் காது விடைத்துக்கொண்டது. பேசிக்கொள்ளவே பேசிக்கொள்ளாத இரண்டு பேர் எப்படி ஒரே வசனத்தைச் சொல்வார்கள்? ஒரு சொல்கூட மாறவில்லையே!

நான் முதலில் வாலுவைத்தான் பிடித்தேன். போன தடவை அவன் அத்தை வீட்டுக் குளியலறையில் கப்பல் விட்டுக் கூடம் வரை வெள்ளம் வரவைத்தான். சித்தி வீட்டுச் சாவியை அரிசி டப்பாவில் புதைத்தான்.

"உன்னாலதான் யாரும் நம்மள வேண்டாம்கிறாங்க. வேற என்னடா செஞ்ச?"

"சத்தியமா வேற ஒண்ணும் இல்லக்கா" என்றான் வாலு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ கண்டுபிடிச்சது மட்டும்தான்" என்றான்.

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். இதில் அவனுக்குப் பங்கு இல்லை என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் அத்தையே வீடியோவில் வந்தார். அப்பா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பேசினார். நான் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைத் துழாவினேன்.

அத்தைக்குப் பின்னால் சுவர். சுவரில் வாலு போன தடவை கிரேயானில் வரைந்த நீல யானை. வாலாட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

பெயின்ட் அடித்தால் யானை எப்படி அங்கேயே இருக்கும்?

அப்போது சோபாவுக்கு மேலே ஏதோ ஒன்று மெதுவாக எழுந்தது. சாம்பல் நிறம். நுனியில் மட்டும் வெள்ளை. இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை அசைந்தது.

"ஹச்!" அத்தை பட்டென்று ஒரு தலையணையை எடுத்து அதன் மேல் போட்டார். "நெட்வொர்க் சரியில்லடா. அப்புறம் பேசுறேன்."

திரை இருண்டது. அது மேனேஜரின் வால். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய வால், பூனை என்றாலே தும்மும் அத்தையின் சோபாவில் என்ன செய்கிறது?

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவும் அப்பாவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"உங்க அக்காவுக்கு நாம வர்றது பிடிக்கலன்னா நேராச் சொல்லலாம்ல?" என்றார் அம்மா.

"உன் தங்கச்சி மட்டும் வெத்தலை பாக்கு வச்சா கூப்பிட்டா?" என்றார் அப்பா. "வேண்டாதவங்களா எதுக்குப் போய் நிக்கணும்? நாளைக்கு டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்."

அம்மா விருட்டென்று எழுந்தார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தொட்டியில் பாத்திரமே இல்லை. அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். யார் கண் கலங்கியிருந்தாலும் பார்த்ததும் சொல்லிவிடுவார். தன் கண் கலங்குவது மட்டும் எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கும். அன்றைக்கு அது இல்லவே இல்லை.

மறுநாள் காலையில் அம்மா கடைக்குப் போய்விட்டார். பரீட்சைக்குப் படிக்க எங்களுக்கு விடுமுறை. அப்பாவுக்கு மதியம்தான் வேலை. அவர் துண்டை எடுத்தபோது கேட்டேன்.

"அப்பா, சித்திக்கு ஃபோன் பண்ணட்டுமா?"

"பண்ணு. ஆபீஸ் நேரம். அவ எங்க எடுக்கப் போறா?"

அப்பா குளிக்கப் போனால் நாலைந்து பாட்டாவது பாடிவிட்டுத்தான் வருவார். நான் ஃபோனோடு பால்கனிக்குப் போனேன்.

முதல் மணி முழுதாக அடிக்கவில்லை. சித்தி எடுத்துவிட்டார்.

"சொல்லு கண்ணு."

தலைக்கு மேல வேலை இருப்பவர் இப்படியா எடுப்பார்? பின்னால், வேறு ஏதோ அறையிலிருந்து, "ஹச்!" என்று ஒரு சத்தம்.

ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது அப்பாவின் வேலை ஞாபகம் வந்தது. அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அப்பா கதவைத் தட்டி முதலில் சொல்வது ஒன்றுதான். "நான் வெளியிலதான் நிக்கிறேன். நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரியும். பயப்படாதீங்க." ஏன் ஏறினீங்க, எந்தப் பட்டனை அமுக்கினீங்க என்றெல்லாம் அப்போது கேட்கவே மாட்டார்.

"சித்தி, நீங்க அத்தை வீட்டுல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "நான் யார்கிட்டயும் சொல்லல. பயப்படாதீங்க."

உள்ளே அப்பா இரண்டாவது பாட்டைத் தொடங்கினார்.

"எப்படி கண்டுபிடிச்ச?" சித்தியின் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"மேனேஜர் வால்."

சித்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

சித்தியின் ஆபீஸை மூடிவிட்டார்கள். சித்தி இருந்தது ஆபீஸ் கொடுத்த வீடு. அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெட்டிகளைக் கட்டிவைத்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம். ஆபீஸ் மூடிய செய்தி எப்படியோ அத்தை காதுக்குப் போயிருக்கிறது. உடனே காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார்.

"கதவத் திறந்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'எழுந்து வண்டில ஏறு, சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்'னாங்க. மேனேஜரயும் அவங்களே தூக்கிக்கிட்டாங்க. வழியெல்லாம் தும்மல்தான்."

"அப்புறம் ஏன் சித்தி எங்ககிட்ட மறைச்சீங்க?"

"நான்தான் அண்ணிகிட்ட சத்தியம் வாங்கினேன். வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அக்காவுக்குத் தெரிஞ்சா அழுவா. உங்க லீவும் கெட்டுப்போகும்."

"அம்மா ஏற்கெனவே அழுதுட்டாங்க சித்தி" என்றேன். "நீங்க எங்கள வேண்டாம்னு சொல்றீங்கன்னு நினைச்சு அழுதாங்க. உங்களுக்கு வேலை போச்சுன்னு அழுதா, உங்களுக்காக அழுவாங்க. அது பரவாயில்லதானே?"

சித்தி மறுபடியும் மூக்கை உறிஞ்சினார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க, சித்தி. இன்னைக்கே. அப்பா டிக்கெட்ட கேன்சல் பண்ணப் போறாரு. இப்பதான் ரெண்டாவது பாட்டுல இருக்காரு."

"சரி" என்றார் சித்தி. "மூணாவது பாட்டுக்குள்ள சொல்லிடறேன்."

மதியம் அம்மா கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. ஆனால் குழாய்ப் பக்கமே போகவில்லை. நேராக அப்பாவிடம் வந்தார். அப்பா வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்.

"உங்க அக்கா என்ன செஞ்சிருக்காங்க தெரியுமா?" என்று கேட்டார். "பூனையோட சேர்த்துக் கூட்டிட்டுப் போயிருக்காங்க!"

"காலையிலேயே உன் தங்கச்சி எனக்கும் சொல்லிட்டா" என்றார் அப்பா. "பெயின்ட்டாம், பெயின்ட்! எங்க அக்காவுக்குப் பொய் சொல்லவே வராது. ஹச்சுன்னு தும்மும்போதே நான் கண்டுபிடிச்சிருக்கணும்."

சாயங்காலம் வீடியோவில் அத்தையும் சித்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேனேஜர் எங்களை முறைத்துப் பார்த்தது. அம்மா சித்தியை நன்றாகத் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். "அண்ணி" என்று அத்தையிடம் என்னவோ சொல்ல வந்தார். முடியவில்லை.

"விடு, விடு. இவ என்ன எனக்கு வேத்து ஆளா?" என்றார் அத்தை.

சித்தி தலையைக் குனிந்துகொண்டார். "உங்க பிளான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன். அந்த ஊர்ல எனக்கு வீடே இல்ல. சித்தி ஊர்னு இனிமே எத சொல்லுவீங்க?"

நான் ஃபிரிட்ஜிடம் போனேன்.

"வீடுதானே சித்தி போச்சு? ஊர் அங்கேயேதானே இருக்கு. பாலமும் இருக்கு" என்றேன். "தூங்குறது அத்தை ஊர். சுத்துறது சித்தி ஊர். வழி காட்டுறது நீங்க."

ஐந்து கட்டத்திலும் ஒரு பச்சை, ஒரு மஞ்சள் வைத்தேன். காந்தம் போதவில்லை. வாலு ஓடிப்போய்த் தன் பொம்மைக்குள்ளிருந்து இன்னும் சிலவற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட! நடு நாள் தொல்லையே இல்லயே!"

"அந்த வீட்டுல அத்தனை பேர் எங்க படுக்குறது?" என்றார் அம்மா.

"நான் மேனேஜர் பக்கத்துல!" என்றான் வாலு.

அப்படியேதான் போனோம். காலையில் பாலத்தைத் தாண்டுவோம். துறைமுகம் எங்கே, மீன்காட்சியகம் எங்கே, நிழலான பெஞ்சு எந்தத் தெருவில் என்று எல்லாம் சித்திக்கு அத்துப்படி. முதல் நாள் ஒன்றும் பேசாமல் நடந்தார். இரண்டாம் நாள் எங்களுக்கு முன்னால் ஓடினார். சாயங்காலம் திரும்பி வந்தால், "வாங்க, வாங்க. ஹச்!" என்று அத்தை கதவைத் திறப்பார்.

கடைசி நாள் கடற்கரையில் குடும்பப் படம் எடுத்தோம். பலூன்காரரிடம் அப்பா ஃபோனைக் கொடுத்தார். மேனேஜரும் கூடையில் வந்திருந்தது.

அத்தை சித்தியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "நீ இங்க நில்லு. அப்புறம் காது மட்டும் தெரியுதுன்னு ஊரெல்லாம் சொல்லுவ."

"எல்லாரும் சிரிங்க!" என்றார் பலூன்காரர்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூடையிலிருந்து தாவி அத்தையின் தோளில் ஏறியது.

"ஹச்!"

நாங்கள் எல்லோரும் ஃபோனைச் சூழ்ந்துகொண்டு பார்த்தோம். அப்பா, அம்மா, வாலு, நான், சித்தி, எல்லோரும் பளிச்சென்று இருந்தோம். அத்தையின் முகத்தில் மேனேஜரின் வால் குறுக்கே கிடந்தது. அத்தையின் ஒரு காது மட்டும்தான் தெரிந்தது.

சித்தி பதறிப்போனார். "அண்ணி, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல! வேற எடுக்கச் சொல்லலாம்."

அத்தை படத்தையே பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வேண்டாம், வேண்டாம். இதையே பெரிசாப் போட்டு மாட்டு" என்றார். "இப்பதான் சரிக்குச் சரியாச்சு!"