கல்லுக்குச் சொன்ன வசனம்

குமாரபாளையத்தில் ஆற்றுக்கு இறங்குகிற சந்தின் கடைசிக் கட்டடம் நர்மதாவின் சித்தப்பாவுடைய தறிப்பட்டறை. பூட்டி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தறிகளையெல்லாம் விற்றாயிற்று, அவை நின்ற இடங்களில் எண்ணெய்க் கறை மட்டும் வரிசையாகக் கிடந்தது. கதவைத் தள்ளியதும் பழைய பஞ்சும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. ஓட்டில் பதித்திருந்த கண்ணாடி வழியாக மத்தியான வெயில் இறங்கி நடுத்தரையில் விழுந்திருந்தது.

"லைட்டே வேண்டாம்டி. இந்த வெளிச்சம் காசு குடுத்தாலும் கெடைக்காது" என்றாள் நர்மதா.

அவள் விஸ்காம் இரண்டாம் வருஷம். நாளைக் காலையில் பயிற்சிப் படத்தை ஒப்படைத்தாக வேண்டும். இரண்டு பேர் பேசிக்கொள்கிற ஒரு காட்சி, அவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபம், எடுக்கப் போனால் உயிரை வாங்கிவிடும். யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது ஷாட்டுக்கு ஷாட் மாறவே கூடாது. போன தடவை அவள் எடுத்ததைப் போட்டுப் பார்த்த சார், "இவங்க ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்களா, இல்ல செவுத்துல பல்லியப் பாக்கறாங்களா?" என்று கேட்க, வகுப்பே சிரித்துத் தீர்த்தது. அந்தச் சிரிப்பு நர்மதாவுக்கு இன்னும் உறைத்துக்கொண்டிருந்தது.

கேமராவும் இயக்கமும் அவள். ஒலிப்பதிவு தீனதயாளன், ஹெட்போனை மாட்டிவிட்டால் தீனாவுக்கு ஊர் உலகம் தெரியாது. நடிப்பதற்கு மைதிலியும் தனப்பிரியாவும். ராசிபுரத்திலிருந்து வர வேண்டிய தனப்பிரியா காலையிலேயே காய்ச்சல் என்று வாய்ஸ் நோட் போட்டுவிட்டாள். ஆக, மூன்று பேர்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. மூன்று பேரும் கிளம்புவதைப் பார்த்த நர்மதாவின் அம்மா சாரதாமணி வாசலிலேயே மறித்தாள். "மூணு பேராப் போவாதீங்கன்னாக் கேக்கறீங்களா? நாலாவதா ஒரு கல்லையாச்சும் கூட எடுத்துட்டுப் போங்க கண்ணு." சரிங்கம்மா என்று தலையாட்டி வந்த தீனா, சந்து முனையில் படித்துறைப் பக்கம் ஓடிப்போய் நிஜமாகவே ஒரு கல்லைத் தூக்கி வந்தான். தேங்காய்ப் பருமன், வழவழவென்ற ஆற்றுக் கல்.

"இவருதான் நம்ம நாலாவது ஆளு. தனப்பிரியாவுக்குப் பதிலா இவரே நடிப்பாரு."

சிரித்தாலும், நர்மதாவுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. மைதிலிக்கு எதிரே நாற்காலியில் கல்லை வைத்துவிட்டால் பார்வை அலைபாயாது. எதிராளியின் வசனத்தைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து தானே வாசித்துவிடலாம். ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த சொந்தக்காரரை ஒரு பெண் வீட்டுக்கு அழைக்கிறாள், இதுதான் காட்சி. அழைக்கிறவள் முகம் மட்டும் நன்றாக விழுந்தால் போதும், ஒப்பேற்றிவிடலாம்.

முதல் டேக்கில் மைதிலி ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவது போல ஒப்பித்தாள்.

"உன்ற ஊட்டுக்கே கூப்பிடற மாதிரி சொல்லுடி. பேப்பர மறந்துரு. நெசமாவே கூப்பிடு" என்றாள் நர்மதா.

மைதிலியின் வீட்டில் அப்போது ஒரே கொண்டாட்டம். அக்கா பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பிறந்து, இன்னும் பேர்கூட வைக்கவில்லை. காலையிலிருந்து அந்தப் பிஞ்சின் படத்தைப் போனில் காட்டிக் காட்டி மற்ற இருவரையும் பாடாய்ப் படுத்தியிருந்தாள். நெசமாகவே கூப்பிடு என்றதும் அவளுக்கு வேறென்ன நினைவுக்கு வரும்?

"ஆக்‌ஷன்."

மைதிலி கல்லைப் பார்த்தாள். மெல்ல அவள் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கீங்களா? ஏனுங்க இங்கயே நின்னுட்டீங்க, நம்மூட்டுக்கு வாங்க. அக்காளுக்குக் கொளந்தை பொறந்திருக்குதுங்க. வந்து ஒருக்கா கையில வாங்கிப் பாத்துட்டுப் போங்க."

நர்மதாவுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. என்ன ஒரு நடிப்பு! ஒரே ஒரு குறைதான்.

"கட். சூப்பர்டி. ஆனா கல்லு நாற்காலியில இருக்குது, நீ எதுக்கு அண்ணாந்து பாக்கற?"

"அவரு எந்திரிச்சு நின்னுட்டாரேடி. அப்பறம் எப்படிக் கீழ பாக்கறது?"

"எவரு?"

"நீ நடிக்கக் கூட்டியாந்த பெரியவருதான். ஆக்‌ஷன்னு சொன்னதும் வந்து உக்காந்தாரே." மைதிலி சுற்றுமுற்றும் பார்த்தாள். "இப்ப எங்க போனாரு?"

தீனா சிரித்தான். நடிப்பு தலைக்கேறிவிட்டது என்று நர்மதாவும் சிரித்தாள். மைதிலி மட்டும் சிரிக்கவில்லை.

குளோசப்புக்குக் கேமராவை நகர்த்தி வைத்த நேரம் கரண்ட் போனது. அதுவரை அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் தடதடத்துக்கொண்டிருந்த தறிகள் ஒரே மூச்சில் நின்றன. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த நர்மதாவுக்கு, அது நின்றால் காதே அடைத்துக்கொண்டது போலிருக்கும். எங்கோ தண்ணீர் சொட்டியது. பட்டறைக்குள் குழாயும் கிடையாது, தொட்டியும் கிடையாது.

தீனாவுக்கு மட்டும் குஷி. "இதான் சான்ஸ். சத்தமே இல்ல, சீக்கிரம் எடு."

மைதிலி திரும்பவும் அழைத்தாள். கொளந்தையைப் பார்க்க வாங்க என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. பதில் வசனத்தை வாசிக்க நர்மதா வாயைத் திறந்தாள். அதற்குள் தீனா கையை உயர்த்திவிட்டான்.

"கட். என்னடா?"

"நீ எதுக்கு ஆம்பளக் கொரல்ல பேசற? ரெக்கார்டாவுது, வெளையாடாத."

"நான் இன்னும் வாயே தொறக்கல."

"பொய் சொல்லாத. 'பாக்கோணும்'னு சொன்னியே."

நர்மதா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அப்படி ஒரு வசனம் அதில் இல்லவே இல்லை.

ஈர வேட்டியின் வாடை மெல்ல வந்தது. அதனூடே ஊறிய பச்சரிசியும் எள்ளும் புளித்துப்போன மாதிரி இன்னொரு வாடை.

போய்விடலாம் என்றாள் மைதிலி. இன்னும் ஒரே ஷாட்தான் என்று நர்மதா கெஞ்சினாள். பாழாய்ப்போன மார்க்கு! அந்த நேரத்திலும் அவளுக்குச் சாரின் கேள்வியும் வகுப்பின் சிரிப்பும்தான் கண்முன் நின்றன. கேமராவை நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகத்தை எடுக்கிற ஷாட் அது. தோள் கொடுக்க ஆளில்லை. முகம் மட்டும் கிடைத்தால் போதும் என்றிருந்தாள்.

"ஆக்‌ஷன்."

கேமராவின் திரையில் மைதிலியின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

இடது ஓரத்தில் ஒரு தோள்.

ஃபோகஸ் இல்லாமல் மங்கலாக, மேலே ஈரத் துண்டு போட்ட ஒரு தோள். நரைத்த முடி ஒட்டிய ஒரு காது. பாடத்தில் படம் போட்டுக் காட்டுவார்களே, அச்சு அசலாக அதே இடத்தில் இருந்தது.

நர்மதா திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். நாற்காலியும் கல்லும்தான் இருந்தன.

திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

தோள் மூச்சில் ஏறி இறங்கியது.

"கட்!"

தோள் இல்லை.

அவள் ஓடிப்போய்க் கல்லைப் புரட்டினாள். அடியில் மஞ்சள் அப்பியிருந்தது. ஒரு தர்ப்பைத் துண்டும் காய்ந்த சோற்றுப் பருக்கைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. பெரியப்பா செத்தபோது இதேபோல ஒரு கல்லை அவள் பார்த்திருக்கிறாள். செத்தவரைக் கல்லில் இருத்தி, படித்துறையோரம் நட்டு, சோறும் தண்ணீரும் வைப்பார்கள். கருமாதி முடிந்துதான் அந்தக் கல்லை ஆற்றில் விடுவார்கள்.

"தீனா, இதை எங்கிருந்துடா எடுத்த?"

"படித்துறை ஆலமரத்தடியில சும்மா கெடந்துச்சு." அவன் கல்லின் அடியைக் குனிந்து பார்த்தான். "நெசமா எனக்குத் தெரியாது நர்மதா."

யாருக்கோ இன்னும் கருமாதி முடியவில்லை. தீனா கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். எடுத்த இடத்திலேயே வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். அவன் வரும்வரை இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு வெயில் விழுந்த இடத்திலேயே நின்றார்கள்.

"வெச்சுட்டேன். கெளம்பலாம் வாங்க."

மைதிலி நகரவில்லை. "கல்ல வெச்சாச்சு. நான் கூப்பிட்டது என்னாவறது?" அவள் வாசலைப் பார்த்தாள். "சும்மா ஊட்டுக்கு வாங்கன்னு மட்டும் கூப்பிட்டிருந்தாக்கூடப் பரவால்லயே. கொளந்தையக் கையில வாங்குங்கன்னு சொல்லிட்டனேடி. அம்மா சந்தைக்குப் போயிருக்குது. அக்கா மட்டும் தனியா இருக்குறா."

நெசமாகவே கூப்பிடு என்று சொன்னது யார்? நர்மதாதானே!

"கூப்பிட்ட வாயால நீயே வேண்டாம்னு சொல்லிரு" என்றாள். "ஆக்‌ஷன்னாத்தான் அவரு வாராரு. கட்டுன்னாப் போயிர்றாரு. ஒரே டேக். வரக்கூடாதுன்னு கறாராச் சொல்லிரு."

தீனா ஹெட்போனை மாட்டினான். நாற்காலி காலியாக இருந்தது. நர்மதா கேமராவை ஓட விட்டாள்.

"ஆக்‌ஷன்."

தோள் வந்தது.

மைதிலி அண்ணாந்து பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஆனால் வார்த்தை பிசிறில்லாமல் வந்தது. "மன்னிச்சுக்குங்க. தெரியாம கூப்பிட்டுட்டேன். நீங்க எங்கூட்டுக்கு வர வேண்டாமுங்க. கொளந்தையப் பாக்க வேண்டாம். இங்கிருந்தே போயிருங்க."

மங்கலான அந்தத் தோள் சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு தொய்ந்தது.

மெல்லத் திரும்பியது.

கட் சொல்ல நர்மதா வாயெடுத்தாள். சொல்லவில்லை. வசனம் முடிந்ததும் கட் சொல்லாதே, கொஞ்சம் ஓட விடு, ஆள் ஃப்ரேமை விட்டு வெளியேறட்டும் என்று வகுப்பில் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியிருந்தார்கள். போதாததற்கு, அவர் முழுசாகப் போய்விட்டாரா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றும் இருந்தது. கேமராவை அவரோடு திருப்பினாள்; திரையில் அவர் வெயிலைக் கடந்து கதவை நோக்கி நடந்தார். கூனிய முதுகு. சொட்டுகிற வேட்டி. வாசற்படியில் ஒரு நொடி நின்றார், சொல்லிக்கொள்ளாமல் போகத் தெரியாத மனிதரைப் போல.

அதைப் பார்த்ததும் மைதிலியின் முகம் இளகியது. பால்காரரைக்கூட வெறுமனே அனுப்பாத வீட்டில் வளர்ந்த பெண். பாவம், அவளை அறியாமலே கை கூப்பிக்கொண்டது.

"போயிட்டு வாங்க" என்றாள்.

எழவு வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாத வார்த்தை.

"கட்! கட்! கட்!"

திரையில் வெறும் வாசல்தான் இருந்தது. தான் என்ன சொன்னோம் என்பது மைதிலிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"போயிட்டாருல்ல?" என்று தீனாவிடம் கேட்டாள் நர்மதா. "போயிட்டாருன்னு சொல்லுடா."

தீனாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கொஞ்சம் பின்னால் ஓட்டி, ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தான்.

முதலில் மைதிலியின் குரல் கேட்டது. போயிட்டு வாங்க.

அப்புறம், மைக்குக்கு வெகு அருகில், ஒரு கிழவரின் குரல். மனசு நிறைந்துபோன குரல்.

"வாரேன் சாமி. கொளந்தை இன்னேரம் முழிச்சிருக்குமா?"