பதினெட்டு புள்ளி நாலு

ஏழாவது பாட்டில் மண்ணுக்கும் பியூரெட் குழாயில் ஊதாக் கரைசல் அதே அளவுதான் இறங்கியிருந்தது: பதினெட்டு புள்ளி நாலு மில்லி. அமலி குனிந்து கோட்டை மறுபடி பார்த்தாள்.

வடகவுஞ்சிச் சரிவில் வெட்டிய செம்மண்ணை அரைத்துச் சலித்து நாற்பது பாட்டில்களில் அடைத்திருந்தார்கள். மற்ற ஆய்வகங்கள் தங்கள் கணக்கு சரிதானா என்று ஒத்துப் பார்க்கப்போகிற மண் அது. எல்லாப் பாட்டிலிலும் இரும்பு ஒரே சீராக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது அவள் வேலை. ஆனாலும் மனுஷக் கை பார்க்கிற வேலையில் ஒரு சொட்டாவது கூடும், குறையும். இது இம்மி நகரவில்லையே!

அட்டுவம்பட்டி வீட்டில் மகள் கித்தேரி காய்ச்சலோடு தனியாகக் கிடந்தாள். நாலு மணிக்கு வந்துவிடுவதாக அமலி அவளிடம் சொல்லியிருந்தாள். இப்போது மணி நாலரை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அப்பிக் கிடந்தது. ஈரத்தில் ஊறிய ஆய்வகக் கதவு இழுத்தும் திறக்கவில்லை.

"அடைக்கலண்ணே! கதவு தெறக்க மாட்டேங்குது!"

"செத்தப் பொறுங்கம்மா, இந்தா வந்துட்டேன்" என்றார் வெளியே காவல்காரர்.

வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"செத்தப் பொறுங்கம்மா, இந்தா வந்துட்டேன்." அதே இழுவை. நடுவில் அதே சின்ன இருமல்.

காலை அவசரத்தில் விட்டுப்போன வெற்றுச் சோதனை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மண் போடாமல் வெறும் அமிலமும் தண்ணீரும். இரும்பே இல்லாததால், அந்த ஊதாப் பெர்மாங்கனேட் ஒரு சொட்டு விழுந்ததுமே ரோஸ் நிறம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. சொட்டிக்கொண்டே போய்ப் பதினெட்டு புள்ளி நாலில் நின்றது.

சனியன், தண்ணீர்தான் கெட்டிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் வழிந்த பனிநீரைப் பிடித்துச் சோதித்துப் பார்த்தாள். பதினெட்டு புள்ளி நாலு. ஊசியால் விரலைக் குத்திக் குடுவையில் ஒரு துளி ரத்தம் விட்டாள்.

பதினெட்டு புள்ளி நாலு.

ஈர மண் வாடை. மூக்கில். தொண்டையில்.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். கித்தேரி! இரவுச் சட்டையோடு, முழங்கால்வரை செம்மண். ஐயோ, என் தங்கமே! அமலி ஓடிப்போய்க் கண்ணாடியில் கை வைத்தாள்.

பிள்ளையின் உதடு அசைந்தது.

"செத்தப் பொறுங்கம்மா, இந்தா வந்துட்டேன்." அடைக்கலத்தின் குரல். நடுவில் அந்த இருமல்.

அந்தப் பிள்ளைக்குப் பின்னால், பனிக்குள், இன்னொரு கித்தேரி. அதற்கும் பின்னால் இன்னொருத்தி. அமலி எண்ணினாள். நாற்பது. அதே சட்டை. அதே செம்மண். முகவாயில் அதே மச்சம்.

இதில் எது தன் பிள்ளை? பெற்றவளுக்கே தெரியவில்லை.

நாற்பது கைகளும் ஒன்றாக உயர்ந்து கண்ணாடியைத் தட்டின.