ஏழாம் அறையில் எழுபத்தைந்து வாட்

நாகூர் முதியோர் இல்லத்துக்கு நான் இரண்டாம் முறை போனதும் மே மாதத்தில்தான். கட்டடங்களில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்வது என் வேலை.

“வாங்க கிளமென்ட் சார்,” என்றார் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபஹ்மிதா. “போன தடவை ஃபேனை எல்லாம் மாத்தச் சொன்னீங்க. இந்தத் தடவை எங்களையே மாத்திடுவீங்களா?”

சிரித்தேன்.

மதியம் ஒரு மணி. சாப்பிட்டவர்கள் கூடத்தில் இருந்தார்கள். அறைகளின் லைனை நிறுத்தி மீட்டரை மாட்டினேன். பூஜ்யம் காட்ட வேண்டும்.

எழுபத்தைந்து வாட்.

பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுக்கும் அளவு. இங்கே பழைய ஃபேன் ஒன்றுகூட மிச்சமில்லை.

அறை அறையாகப் பார்த்தேன். ஃபஹ்மிதாவும் கூட வந்தார். ஏழாவது, போன முறை நான் பார்க்காத அறை. கூரையில் கொக்கி மட்டும் இருந்தது. கீழே விரிப்பு போட்ட கட்டில். தைலமும் வேர்வையும் கலந்த வாடை.

டக். டக். டக்.

கொக்கியிலிருந்து, பழைய ஃபேன் சுற்றுவதுபோல. சன்னல் சாத்தியிருந்தது. ஃபஹ்மிதாவின் முக்காடு அசைந்தது.

“ஒரு மணிக்கு மேல இப்படித்தான் சார்,” என்றார் மெதுவாக. “மூணரை வரைக்கும். போன மே மாசம் ராமாயி அம்மா இங்கதான் வெக்கையில தவறிப்போனாங்க. எந்திரிக்க முடியாதவங்க. கூடத்துலேர்ந்து வந்து பார்க்குறேன், ஃபேன் நிக்குது. சோறு ஊட்டிட்டு ஃபேனைப் போடாம போயிட்டேன் போல. தினம் வந்து மாப்பு கேக்குறேன்.”

அவர் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்.

சோதனைக்காக ஒரு மதியம் லைனை நிறுத்துவோம். யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் புழக்கம் மாறி, அளவு பொய்யாகிவிடும். போன முறை அப்படி நிறுத்திய அன்று ஆறு அறைகள் காலி. ஏழாவதைத் திறக்காமலே ‘காலி’ என்று எழுதினேன். மூன்றரைக்கு அழுகைச் சத்தம் கேட்டது. லைனைப் போட்டேன். என்னவென்று கேட்காமல் கிளம்பினேன்.

“என்ன சார்?”

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

“மீட்டர் கோளாறா இருக்கும்,” என்றேன். தாளிலும் அப்படியே எழுதினேன்.

விரிப்பின் ஓரம் அசைந்தது. முக்காடு அசைந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

தஞ்சாவூர் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தேன். முன் சீட்டுப் பெண்ணின் தலைமுடி பறந்தது. மடியிலிருந்த தாள் படபடத்தது. அதன்மேல் என் வேர்வை சொட்டியது.

என் மேல் மட்டும் காற்று படவில்லை.