சட்டை இன்னும் காயவில்லை

"ஹலோ... யாரைக் கேட்டுக் குழாயைத் திறந்தீங்க?"

சலவைக் கடை வாசலில் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் கேன்கள். வெயிலில் கருத்த முகம்... அதில் சிரிக்கும் கண்கள். அதைப் பார்த்ததும் அவளுடைய கோபம் பாதி எங்கோ போய்விட்டது. மீதியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்க. அதோ நங்கூரம் போட்டிருக்கே, சின்னப் பாய்மரப் படகு... அது என்னுது. குடிக்கத் தண்ணி தீர்ந்துபோச்சு."

"துறையில கட்டினா தண்ணி தருவாங்களே?"

"வாடகையும் கேப்பாங்களே!"

சரியான கஞ்சன்!

"இங்க துணி போடறவங்களுக்கு மட்டும்தான் தண்ணி," என்றாள் விறைப்பாக. அப்படி ஒரு சட்டமே கடையில் கிடையாது. அந்த நிமிடம் அவள் போட்டதுதான்.

மறுநாள் நீலச் சட்டையோடு வந்து நின்றான். அடுத்த முறையும் அதே சட்டை... மடிப்புக்கூடக் கலையாமல்! படகுதான் வீடு, பிடித்த மீன்தான் சாப்பாடு, கிழிந்த பாயை அவனே தைத்துக்கொள்வான், போகிற ஊரில் மோட்டார் ரிப்பேர் பார்த்துக் கைச்செலவுக்குத் தேற்றுவான். பேசப் பேச எல்லாம் தெரிந்துவிட்டது. இத்தனை சிக்கனக்காரனுக்குச் சலவைச் செலவு எதற்கு? அதை மட்டும் அவள் கேட்கவில்லை. "சட்டை இன்னும் காயலையே... நாளைக்கு வாங்க," என்பாள்.

கடைக்காரரான அப்பாவுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"காத்து திரும்புற வரைக்கும்தான் இந்தப் படகெல்லாம் இங்க நிக்கும். அப்புறம் நீதாம்மா கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

அவளுக்கும் அதே பயம்தான்.

பிறகு மழை... கொட்டித் தீர்த்தது. மழையென்றால் உயிரை விடுகிறவள் இந்த மழையை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மழை பெய்தால் தார்ப்பாயை விரித்தே தொட்டியை நிரப்பிக்கொள்வேன் என்று அவனே சொல்லியிருந்தான். இனி எதற்கு வரப்போகிறான்...

மழை விட்ட காலையில் காற்று திரும்பியிருந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவள் ஜன்னல் பக்கமே போகவில்லை. நீலச் சட்டைக்கு மறுபடியும் இஸ்திரி போட்டாள். கண் கலங்கியது.

"தண்ணி பிடிச்சுக்கலாமா...?"

அவன்தான்! மூச்சு வாங்க நின்றான். ஓடிப்போய்க் கேனைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. கழுத்து வரை தண்ணீர்.

"ரொம்பின கேனோடயா தண்ணி பிடிக்க வந்தீங்க?"

அசடு வழிந்தான். "படகுல காலிப் பாத்திரமே இல்லீங்க... டம்ளர்கூட ரொம்பிடுச்சு. இங்க வர்றதுக்கு வேற சாக்கும் தெரியல."

"எல்லாரும் போயாச்சே... நீங்க கிளம்பலையா?"

"நங்கூரத்தைப் பாதி தூக்கினேன். மனசு வரல. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு..." குரல் தழைந்தது. "இந்த ஊர்லயும் மோட்டார் ரிப்பேர் ஆகும்தானே? இருந்துடறேன். உங்க அப்பாகிட்ட பேசட்டுமா?"

அவள் சட்டையை நீட்டினாள்.

"காஞ்சிடுச்சா?"

"மழைக்கு முன்னாடியே." தலை நிமிரவில்லை. "ஒவ்வொரு தடவையும் காயலைன்னு சொன்னது பொய். மறுநாளும் நீங்க வரணும்னுதான்..."

உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது.

"அம்மாடி," என்றார் அப்பா. "அந்தத் தம்பியைக் கேனோட உள்ள வரச் சொல்லு. மழைத்தண்ணில டீ போட்டா நல்லாயிருக்கும்."